பேரும் அரைப்பேரும்: தோட்டத்திலிருந்து பேர்லினுக்கு

இலங்கை மலையகத்தின் ஹட்டன், பண்டாரவளை, பதுளைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து மென்பொருள் வேலைக்காக ஜேர்மனி போகிறவர்களுக்கு முதல் சிக்கல் கோடிங்கில் வருவதில்லை, பேரில் வருகிறது. அப்பாவின் பேர் பிறப்புப் பத்திரத்தில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி, பட்டச் சான்றிதழில் வெறும் முன்னெழுத்து. கடவுச்சீட்டின் குடும்பப் பேர்க் கட்டத்தில் எது இருக்கிறதோ, அதைச் சொல்லித்தான் அங்கே கூப்பிடுவார்கள். அப்பாவின் பேர் இருந்தால் நீங்கள்தான் இனி அப்பா. மொழிபெயர்ப்பாளரிடம் கடவுச்சீட்டுப் பிரதியைக் கொடுத்து, எல்லாப் பத்திரத்திலும் அதே எழுத்துக்கூட்டலைப் போடச் சொல்லுங்கள்.

பட்டம் இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. 2023 நவம்பர் முதல், கடைசி ஏழு வருடத்தில் மூன்று வருட ஐடி அனுபவம் இருந்தால் நீல அட்டைக்கு, அதாவது அங்கே தங்கி வேலை செய்யும் அனுமதிக்கு, விண்ணப்பிக்கலாம். சம்பளம் ஓர் அளவைத் தாண்ட வேண்டும். 2025இல் அது வருடத்துக்கு 43,759.80 யூரோ, வருடா வருடம் மாறும். சேவைக் கடிதத்தில் ‘நல்ல பிள்ளை’ என்று எழுதி வாங்குவதில் பயனில்லை. சேர்ந்த திகதி, விலகிய திகதி, முழுநேர வேலையா, என்னென்ன செய்தீர்கள் என்பதுதான் வேண்டும்.

நேர்முகத்துக்குக் காட்ட ஒரு சொந்தப் புரொஜெக்ட் வேண்டும். வானிலை ஆப்பும் செய்யவேண்டியவை பட்டியலும் எல்லோரும் கொண்டு வருவார்கள். உங்களிடம் அவர்களிடம் இல்லாத ஒன்று இருக்கிறது: செக்ரோல், அதாவது தோட்டத் தொழிலாளரின் நாள் வேலையையும் சம்பளத்தையும் எழுதும் பதிவேடு. அதை நிரலாக்குங்கள். ஒரு நாள் வேலை ஒரு பேர், பறித்த கொழுந்தின் கிலோ குறைந்தால் அரைப்பேர், கூடினால் மேலதிகக் கிலோவுக்குத் தனிக்காசு. தொழிலாளியிடமிருந்து சேமலாப நிதி 8 வீதம், தோட்டத்திலிருந்து 12, நம்பிக்கை நிதிக்கும் தோட்டத்திலிருந்தே 3. காசைத் தசம எண்ணாக வைக்காமல் சதத்தில் முழு எண்ணாக வையுங்கள்.

சுவையான இடம் சம்பள வீத அட்டவணை. 2021 மார்ச்சில் நாள் சம்பளம் 1000 ரூபாய். 2024 மே மாத வர்த்தமானி 1700 என்றது. ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. செப்டெம்பரில் 1350 வந்தது. ‘இன்றைய வீதம்’ என்று ஒரே நெடுவரிசை வைத்தால் பழைய மாதத்தைத் திரும்பக் கணக்கிடும்போது எல்லாம் குழம்பும். அமலான நாள், முடிந்த நாள், அது நமது பதிவில் ஏறிய நாள் என மூன்றும் வேண்டும். இதை வெள்ளைப்பலகையில் பத்து நிமிடம் விளக்க முடிந்தவரிடம் வேறு புதிர் கேட்க மாட்டார்கள்.

பேர்களைச் சேமிப்பது அடுத்த பொறி. பொன்னம்மாவின் ‘பொ’வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒகரக் குறி ஒரே குறியீடாக, அல்லது கொம்பும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு ஒன்றுதான், தேடலுக்கு இரண்டு ஆட்கள். அவருடைய சேமலாப நிதியும் இரண்டாகப் பிரியும். சேமிக்கும்போதே, பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோட் என்எப்சி வடிவத்துக்கு மாற்றினால் இது தீரும். சௌந்தரியின் சிக்கல் தீராது. பலர் ‘சௌ’வுக்குக் கொம்புக்குப் பின் ‘ள’ எழுத்தையே தட்டுகிறார்கள், என்எப்சி அதைத் தொடாது. ‘கொம்பும் ளகரமும் வந்தால் மாற்று’ என்று அவசரமாக ஒரு விதி எழுதினால் வெள்ளையம்மாவின் பேர் உடையும், அங்கே ளகரம் புள்ளியோடு வருகிறது. சந்தேகமான பேர்களைத் தனியாக எடுத்து ஆளைக்கொண்டு பார்ப்பதே நல்லது.

இலங்கை அடையாள அட்டை இலக்கத்திலும் ஒரு வேடிக்கை. பிறந்தது வருடத்தின் எத்தனையாவது நாள் என்று அதில் காட்டும் எண், பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்று எண்ணுகிறது. ஆகவே எந்த வருடமானாலும் மார்ச் 1 என்பது 61. பெண்களுக்கு 500 கூட்டப்படும். சாதாரண நாட்காட்டி நூலகத்தை நம்பினால் பிறந்தநாள் ஒரு நாள் தள்ளிப் போகும்.

உண்மையான தோட்டத்துப் பேர்ப்பட்டியலை, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஏற்றவே கூடாது. பிறகு அழித்தாலும் கிட் வரலாற்றில் கிடக்கும். வேலையில் சேர்ந்த பின் இந்தப் புரொஜெக்டைக் கம்பனி மடிக்கணினியிலும் தொடாதீர்கள். கடமைக்காக எழுதிய நிரலின் பொருளாதார உரிமை முதலாளிக்கு என்று ஜேர்மன் பதிப்புரிமைச் சட்டத்தின் 69பி பிரிவு சொல்கிறது. காசுக்குப் பக்க வேலை என்றால் ஒப்பந்தத்தைப் பார்த்து முன்பே அறிவிக்க வேண்டும்.

போய் இறங்கினால், குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் முகவரிப் பதிவு. வீட்டுக்காரரின் உறுதிக் கடிதம் இல்லாமல் அது நடக்காது. அதன் பிறகு வரி இலக்கம் தபாலில் வரும். தோட்டத்தில் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டுக்கு, தனி முகவரி கிடையாது, கடிதம் ஆபீசுக்கு வந்து கைமாறி வீடு சேரும். ஜேர்மனியில் தபால்காரர் கடிதப் பெட்டியில் பேரைத்தான் தேடுவார்; இல்லையென்றால் கடிதம் திரும்பிவிடும், வரி இலக்கம் பிந்தினால் முதல் சம்பளத்தில் மிகக் கூடிய வரியான ஆறாம் வகுப்பு வரிகூடப் பிடிபடலாம். சாவி கைக்கு வந்த அன்றே ஒரு துண்டுக் காகிதத்தில் பேரெழுதி ஒட்டுங்கள், கடவுச்சீட்டில் உள்ள அதே எழுத்துக்கூட்டலில்.