வெயிலில் வரும் வெள்ளம்

அனர்த்த முகாமைத்துவப் பணியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி, தங்கையர் சுற்றறிக்கைகளை மனப்பாடம் செய்வதற்கு முன், நீரும் மண்ணும் நடந்துகொள்ளும் விதத்தைப் படித்துக்கொள்வது நல்லது. மேலே மலைப்பகுதியில், கித்துல்கலையிலும் தெரணியகலையிலும் கொட்டும் மழை, களனி கங்கை வழியாக ஹங்வெல்லையைத் தாண்டிக் கொழும்பு நாகலகம் வீதி நீர்மட்ட அளவுகோலை வந்தடையப் பல மணித்தியாலங்கள், சில வேளைகளில் ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம் என்பதால், கொழும்பை அடுத்த தாழ்நிலமான கொலன்னாவையில் வெயில் அடிக்கும்போதே மக்களை வெளியேறச் சொல்ல வேண்டிய நிலை உங்களுக்கு வரும். (ஏச்சு விழும், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

மண்சரிவு வேறு கதை. மழைநீர் மண்துகள்களின் இடைவெளிகளை நிரப்பி உள்ளிருந்து அழுத்தும்போது, துகள்கள் ஒன்றையொன்று பற்றி நிற்கும் உராய்வு குறைந்து, காலங்காலமாக அசையாதிருந்த சரிவு சில நிமிடங்களில் இறங்கிவிடுகிறது. அதனால்தான் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணித்தியாலத்தில் 75, 100, 150 மில்லிமீற்றர் என மழையளவைப் படிப்படியாக வைத்து எச்சரிக்கிறது. ஆனால் ஏற்கெனவே பல நாட்கள் ஊறிய மலைக்கு 75 கூட அதிகம் என்பேன். சுவரில் புதிதாக விழுந்த வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கி வரும் ஊற்று ஆகிய முன்னறிகுறிகள் குறித்துக் கிராம உத்தியோகத்தரிடம் தினமும் விசாரியுங்கள்.

2014 இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகள் மண்ணுக்குள் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரித்தால் மட்டும் போதாது; ஆகவே, கொழும்பிலிருந்து நீங்கள் அனுப்பும் குறுஞ்செய்தி தோட்டத்து மக்களுக்குத் தமிழில், பிழையின்றி, இருட்டுவதற்கு முன் போய்ச் சேருகிறதா என்பதையும் சரிபாருங்கள்.