தோக்குப் பூ
குடகில் செப்டம்பர் வந்தால் கைல்போத் திருவிழா. நம்மூர் ஆயுத பூஜை மாதிரிதான், ஆனால் கத்தியோடு துப்பாக்கியும் பூஜையில் இருக்கும். குழல் வாயில் செங்காந்தள் செருகியிருப்பார்கள். அங்கே அதற்குப் பெயரே தோக்குப் பூ, அதாவது துப்பாக்கிப் பூ. நமக்கோ மாநில மலர்!

அப்புறம், உயரத்தில் கட்டிய தேங்காயைச் சுடும் போட்டி.

குடகின் மண்ணின் மக்களான கொடவர்களுக்கும், ஜம்மா என்னும் பரம்பரை நில உரிமை உள்ளவர்களுக்கும் துப்பாக்கி உரிமம் எடுப்பதிலிருந்து விலக்கு உண்டு. ஆங்கிலேயர் காலத்துச் சலுகை. மத்திய அரசு 2029 வரை நீட்டித்திருக்கிறது. இப்படி ஒரு விதிவிலக்கு இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. அதற்காகக் காட்டுப்பன்றியைச் சுடக் கிளம்ப முடியாது. 1972 வனவுயிர்ச் சட்டம் அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

வீட்டில் ஆண் குழந்தை பிறந்தால் வானத்தை நோக்கி ஒரு வெடி. சாவு என்றால் இரண்டு. மலைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் எண்ணிப் பார்த்துக்கொள்வார்கள்.