போனி ஊசியின் தாய்வீடு

அம்மா ஊசியைக் காலண்டர் அட்டையின் ஓரத்தில்தான் குத்தி வைப்பார். தொலைந்துபோனால் கடைக்கு ஓடி ‘போனி ஊசி’ என்று கேட்டு வாங்கி வருவது என் வேலை. அந்தப் போனி ஊசி நீலகிரியில், நம் கேத்திக்குப் பக்கத்தில்தான் தயாராகிறது என்று பழைய தையல் சாமான்களைத் தேடிச் சேர்க்க ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. அந்தக் கம்பெனி 1949-இல் தொடங்கப்பட்டபோது, இங்கிலாந்தில் ஸ்டட்லி என்ற ஊரில் இருந்த ஊசிக் கம்பெனியின் கிளையாகத்தான் பிறந்தது. ஸ்டட்லிக்குச் சில மைல் வடக்கே ரெட்டிச். ஒரு காலத்தில் உலகம் முழுவதும் துணி தைத்தது பெரும்பாலும் அந்த வட்டாரத்து ஊசியால்தான். பர்மிங்காம் போக வாய்ப்பு வந்ததும், ஒரு நாளை ரெட்டிச்சுக்கு என்று எடுத்து வைத்துவிட்டேன்.

பர்மிங்காமிலிருந்து உள்ளூர் ரயில். கடைசி ஸ்டேஷன் ரெட்டிச். அங்கே ஆரோ என்ற சிற்றாற்றின் பக்கம், பழைய மடாலயம் ஒன்றின் இடிபாடுகளை ஒட்டி, ஃபோர்ஜ் மில் ஊசி அருங்காட்சியகம் இருக்கிறது. செங்கல் கட்டடம், தண்ணீரில் ஓடும் பெரிய சக்கரம். 1958 வரை இங்கே ஊசிகளைத் தேய்த்து மெருகேற்றியிருக்கிறார்கள்.

ஊசி செய்வதில் இவ்வளவு கைகள் பட்டிருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. கம்பியை இரண்டு ஊசி நீளத்துக்கு வெட்டுவார்கள். இரண்டு முனையையும் கூராக்கி, நடுவில் பக்கம் பக்கமாக இரண்டு காது குத்தி, அப்புறம் இரண்டாக ஒடிப்பார்கள். காதின் உள்விளிம்பில் பிசிறு இருந்தால் நூல் அறுந்துவிடும் என்பதால் அதைத் தனியாக வழவழப்பாக்க வேண்டும். பழுக்கக் காய்ச்சி, குளிரவைத்து, திரும்பவும் மெல்லிய சூட்டில் பதமாக்கிய பிறகு கடைசியாக மெருகு. ஆயிரக்கணக்கான ஊசிகளை மென்சோப்பும் குருந்தத் தூளும் சேர்த்து முரட்டுத் துணியில் உருளையாகக் கட்டி, கனமான மரப்பலகைக்கு அடியில் நாள்கணக்காக முன்னும் பின்னும் உருட்டுவார்கள். அதை உருட்டத்தான் அந்தத் தண்ணீர்ச் சக்கரம்.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது முனை கூராக்கும் வேலை. கைப்பிடி நிறையக் கம்பிகளை எடுத்து, உள்ளங்கைக்கும் விரல்களுக்கும் நடுவில் சுழற்றியபடியே சாணைக்கல்லில் பிடிப்பார்கள். தண்ணீர் விடாத சாணை. கல்தூளும் எஃகுத்தூளும் நேராக நுரையீரலுக்குப் போகும். கூலி அதிகம், ஆயுள் குறைவு. நாற்பதைத் தாண்டியவர்கள் அரிது. தூசியை உறிஞ்சும் விசிறி வந்தபோது அவர்களே அதை எதிர்த்திருக்கிறார்கள். ஆபத்து குறைந்தால் கூலியும் குறைந்துவிடும் என்ற பயம். அதைப் படித்த பிறகு வெகுநேரம் அந்தச் சாணைக்கல்லின் முன்னாலேயே நின்றிருந்தேன்.

மறுநாள் பக்கத்து ஊர்ப் பழம்பொருள் சந்தை. பையில் ஒரு லென்ஸ், ஒரு சின்னக் காந்தம். இந்த இரண்டும் இல்லாமல் நான் போவதில்லை.

முதலில், ஊசியைத் தள்ளும்போது குத்தாமல் இருக்க விரலில் மாட்டும் திம்பிள்கள். வெள்ளியின் தரத்தைச் சோதித்து பர்மிங்காமில் முத்திரை போட்டிருந்தால் நங்கூரம் இருக்கும், செஸ்டர் நகரில் என்றால் மூன்று கோதுமைக் கதிர்க்கட்டுகளும் ஒரு வாளும். ஒன்றில் எந்த முத்திரையும் இல்லை. ‘டார்கஸ்’ என்ற பெயர் மட்டும். காந்தத்தைக் காட்டினேன், ஒட்டியது. விற்றவர் போலி என்று நினைத்து ஒதுக்கி வைத்திருந்தார். போலியே இல்லை! மென்மையான வெள்ளியை ஊசி துளைத்துவிடுகிறது என்று, ஹாலிஃபாக்ஸ் ஊர் சார்லஸ் ஹார்னர் இரண்டு வெள்ளித் தகடுகளுக்கு நடுவில் எஃகை வைத்து 1884-இல் காப்புரிமை வாங்கினார். உள்ளே எஃகு இருப்பதால்தான் வெள்ளி முத்திரை கிடையாது. விற்றவரிடம் இதைச் சொல்லிவிட்டுத்தான் வாங்கினேன். மறைத்து வாங்கினால் அது மனதில் உறுத்திக்கொண்டே இருக்கும்.

அப்புறம் ஏவரி என்ற கம்பெனியின் பித்தளை ஊசிக்கூடுகள். வண்ணத்துப்பூச்சி, கைவண்டி என்று விதவிதமான உருவங்களில் ரெட்டிச்சிலேயே செய்தவை. இவற்றில் வைர வடிவ முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 1842 முதல் 1883 வரை பதிவுசெய்த வடிவங்களுக்கு அந்த முத்திரை. ஆண்டைக் குறிக்கும் எழுத்து மேல்மூலையில் இருந்தால் 1867-க்குள், வலது மூலையில் இருந்தால் 1868-க்குப் பிறகு. அச்சில் வார்த்த நகல்களும் சுற்றுகின்றன; அவற்றில் கோடுகள் மழுங்கியிருக்கும். அன்று பார்த்த ஒன்றில் கோடு, முத்திரை எல்லாம் சரியாகவே இருந்தன. விலைதான் எனக்கு எட்டவில்லை.

அழகான வெள்ளை ஊசிக்குழல் ஒன்றையும் எடுத்துப் பார்த்தேன். எலும்பு என்றார்கள். எலும்பில் சின்னச் சின்னக் கரும்புள்ளிகள் தெரியும். லென்ஸில் தெரிந்தது குறுக்கும் நெடுக்குமாக ஓடும் வலை. தந்தம். அந்த நாட்டிலேயே தந்தம் விற்கச் சட்டம் கடுமையாகிவிட்டது, இந்தியாவுக்குக் கொண்டுவரவும் கூடாது. அதெல்லாம் இல்லாவிட்டாலும் எனக்கு வேண்டாம். விவரத்தைச் சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.

கடைசியில் ஒரு பழைய சாக்லேட் டப்பாவுக்குள் கிடந்தது ஒரு மில்வர்ட் ஊசிப் பொட்டலம். 1730-இலிருந்து ஊசி செய்த குடும்பத்தின் பெயர், கீழே ரெட்டிச் என்று அச்சு. உள்ளே கறுப்புத் தாளில் வரிசையாக ஊசிகள், துரு துளியும் இல்லை. மொத்தப் பயணத்தில் மிகக் குறைந்த விலைக்கு வாங்கியது அதுதான்.

ஊருக்கு வந்ததும் அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு ஊசியை உருவினார். நூலைக் கோத்து இரண்டு முறை இழுத்துப் பார்த்தார்.

“காது நல்லா வழவழன்னு இருக்கு. நூல் அறுக்காது.”

ரவிக்கைக்கு ஒரு கொக்கி தைத்து முடித்துவிட்டு, காலண்டர் அட்டையில் போனி ஊசிக்குப் பக்கத்தில் அதையும் குத்தி வைத்தார்.