சைக்ளின் வரும், போகும். சிடிகே1 அங்கேயே இருக்கும்

இரண்டாம் ஆண்டு இடைத்தேர்வில் செல் பிரிவுக் கேள்விக்கு ஒன்றரைப் பக்கம் எழுதினேன். ‘சிடிகே1 நொதியின் அளவு கூடும்போது செல் மைட்டாசிஸுக்குள் (குரோமோசோம்கள் பிரிந்து செல் இரண்டாகும் கட்டம்) போகிறது, குறையும்போது வெளியே வருகிறது’ என்று தொடங்கியிருந்தேன். அந்த முதல் வரியே தப்பு, அதன்மேல் கட்டியதெல்லாம் சரிந்துவிட்டது. செல் சுழற்சி முழுக்க சிடிகே1 ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கிறது. கூடிக் குறைவது அதன் துணைப் புரதமான சைக்ளின் பி. நம் கடற்கரையில் காலில் குத்துமே, அந்தக் கடல் முள்ளெலியின் முட்டைகளில் உயிரியலாளர் டிம் ஹன்ட் 1982-இல் பார்த்தது இதைத்தான்: ஒரு புரதம் சேர்ந்துகொண்டே போய், முட்டை பிரியும் ஒவ்வொரு முறையும் காணாமல் போனது.

அடுத்த பிப்ரவரியில் புயல். இங்கே மொரீஷியஸில் மூன்றாம் புயல் எச்சரிக்கை விழுந்து பஸ் எல்லாம் நின்றுவிட்டது. ரோஸ் ஹில் வீட்டில் ஜன்னல்களை அடைத்துவிட்டு மெழுகுவத்தி வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தோம். அம்மா ஆரம்பப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுப்பவர், அறிவியல் படித்ததில்லை. “சும்மாதானே இருக்கிறாய், படித்ததை எனக்குத் தமிழில் சொல்லு” என்றார். ஆங்கிலத்தில் கடகடவென்று ஒப்பித்தது தமிழில் வரவில்லை. புரியாத இடங்களை மனப்பாடம் மூடி வைத்திருந்தது அப்போதுதான் தெரிந்தது.

“முதலில் பாஸ்பேட் ஒட்டினால் நொதி வேலை செய்யும் என்றாய். இப்போது ஒட்டினால் நின்றுவிடும் என்கிறாய். எதுதான் சரி?”

இரண்டும் சரி. எந்த இடத்தில் ஒட்டுகிறது என்பதில்தான் விஷயம். சைக்ளின் பி வந்து சேர்ந்த சிடிகே1-இல், 161-ஆவது இடத்து அமினோ அமிலமான த்ரியோனினில் பாஸ்பேட் ஏறினால் நொதி தயார். ஆனால் 15-ஆவது இடத்து அமினோ அமிலமான டைரோசினில் வீ1 என்ற நொதி இன்னொரு பாஸ்பேட்டை ஒட்டி அதைக் கட்டிப்போடுகிறது. “அப்போ கட்டை யார் அவிழ்ப்பது?” என்றார் அம்மா. சிடிசி25 என்ற நொதி. அந்தக் கேள்வியை நான் பிடித்துக்கொண்டேன். அதன்பின் எந்த நொதியைப் படித்தாலும், இதைக் கட்டுவது யார், அவிழ்ப்பது யார், கடைசியில் அழிப்பது யார் என்று கேட்டுக்கொண்டுதான் அடுத்த பக்கம் திருப்புவேன்.

வீ1 பெயர் மறக்காமலிருக்க ஒரு வழி. நாம் கிரியோலில் சின்னதற்கெல்லாம் ‘தி’ போடுவது போல ஸ்காட்லாந்தில் ‘வீ’ என்பார்கள். பிளவு ஈஸ்ட் என்ற ஒருசெல் பூஞ்சையில் வீ1 பழுதானால் செல் வளர்ந்து முடிக்கும் முன்பே பிரிந்து சின்னதாகிவிடும், அதைப் பார்த்த உயிரியலாளர் பால் நர்ஸ் வைத்த பெயர். சிடிசி25 பழுதானால் நேரெதிர்: பிரியாமல் நீண்டுகொண்டே போகும்.

இனி சொல்லப்போவதில்தான் மதிப்பெண் அதிகம். கொஞ்சம் சிடிகே1 விழித்ததும் அது சிடிசி25-ஐ முடுக்கி, வீ1-ஐ அடக்கிவிடுகிறது. அதனால் இன்னும் நிறைய சிடிகே1 விழிக்கிறது. சைக்ளின் மெதுவாகத்தான் சேர்கிறது, ஆனால் மைட்டாசிஸ் சட்டென்று தொடங்குவது இந்தச் சுழலால்தான். இதை வாக்கியமாக எழுதுவதோடு நிறுத்தாமல், மூன்று பெயருக்கும் இடையில் அம்புக்குறி போட்டுப் படமாக வரைந்துவிடுங்கள்.

மைட்டாசிஸை விட்டு வெளியேறும் வழி சுலபம். ஏபிசி என்ற புரதக் கூட்டு, சிடிசி20 துணையோடு, செக்யூரின் என்ற புரதத்துக்கும் சைக்ளின் பி-க்கும் ‘சிதைத்துவிடு’ என்று சொல்லும் யூபிகுட்டின் முத்திரை குத்துகிறது. புரதங்களை நறுக்கும் இயந்திரமான புரோட்டியசோம் இரண்டையும் சிதைக்கிறது. செக்யூரின் போனதும் செப்பரேஸ் என்ற நொதி விடுபட்டு, குரோமாட்டிடுகளை (இரட்டித்த குரோமோசோமின் இரு பாதிகள்) சேர்த்து வைத்திருக்கும் கோஹீசின் புரதத்தை வெட்டுகிறது. ஒரே ஒரு குரோமோசோம் அதை இழுக்கும் கதிர் இழையில் மாட்டாமல் இருந்தாலும் மேட்2 முதலிய காவல் புரதங்கள் சிடிசி20-ஐப் பிடித்து வைத்துக்கொள்ளும், எதுவும் நகராது.

இறுதித் தேர்வில் வந்த கேள்வி: சிதைக்க முடியாத சைக்ளின் பி-யை ஒரு செல்லுக்குள் செலுத்தினால் என்ன ஆகும்? பக்கத்தில் பலர் ‘அனாஃபேஸே (குரோமாட்டிடுகள் பிரியும் கட்டம்) நடக்காது’ என்று எழுதியிருந்தார்கள். நான் அம்மாவின் கேள்வியைக் கேட்டுக்கொண்டேன். செக்யூரினை அழிக்க ஏபிசி இருக்கிறது, ஆகவே குரோமாட்டிடுகள் பிரிந்துவிடும். சைக்ளினை அழிக்க வழியில்லை, சிடிகே1 விழித்தபடியே இருக்கும், செல் மைட்டாசிஸை விட்டு வெளியே வராது. நான்கே வரிதான் எழுதினேன், முழு மதிப்பெண் கிடைத்தது.