கைக்குத் தெரிந்தது, வாய்க்குத் தெரியவில்லை

"பி.எச். மீட்டரை எப்படிக் காலிபரேட் செய்வீர்கள்?"

அந்த நேர்முகத் தேர்வில் என்னிடம் கேட்ட மூன்றாவது கேள்வி இது. அப்போது நான் ஒரு பரிசோதனைக்கூடத்தில் நான்கு ஆண்டுகளாக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கரைசலின் அமில, காரத் தன்மையை அளக்கும் அந்தக் கருவி சரியாகக் காட்டும்படி சீரமைப்பதுதான் காலையில் கோட்டை மாட்டியதும் நான் செய்கிற முதல் வேலை. கரைசலில் முக்கும் கண்ணாடி முனையான எலெக்ட்ரோடைக் காய்ச்சி வடித்த நீரில் அலச வேண்டும், மெல்லிய தாளால் ஒற்றியெடுக்க வேண்டும், பஃபர் 7-இல், அதாவது பி.எச். அளவு 7 என்று முன்பே தெரிந்த கரைசலில் வைக்க வேண்டும், பிறகு 4, பிறகு 10. தூக்கத்தில் எழுப்பிவிட்டாலும் கை தானாகச் செய்துவிடும்.

எதிரில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். "பஃபர் கரைசல் எடுத்து..." என்று ஆரம்பித்தேன். "எந்த பஃபர்?" என்று நடுவில் இருந்தவர் கேட்டார். ஒரு எண்கூட நினைவுக்கு வரவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவர் கொஞ்சம் காத்திருந்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். அதற்கப்புறம் அவர்கள் கேட்டதும் நான் சொன்னதும் எதுவுமே எனக்கு நினைவில்லை.

அந்த வேலை கிடைக்கவில்லை. பதற்றம்தான் என்னைக் கெடுத்துவிட்டது, அதை விரட்டிவிட்டால் போதும் என்று பல மாதங்கள் நினைத்துக்கொண்டிருந்தேன். மூச்சுப் பயிற்சி செய்தேன், தன்னம்பிக்கைப் பேச்சுகள் கேட்டேன், கண்ணாடி முன் நின்று புன்னகைக்கப் பழகினேன். அடுத்த தேர்வுக்குப் போனபோதும் கை நடுங்கத்தான் செய்தது.

உண்மையான காரணம் பிடிபட ரொம்ப நாள் ஆயிற்று. நான்கு ஆண்டுகளில் ஆயிரம் முறையாவது நான் செய்த அந்த வேலையை, ஒரு தடவைகூட வாயால் சொன்னதில்லை. கைக்குத் தெரிந்தது வாய்க்குத் தெரியவில்லை. நேர்முகத் தேர்வோ முழுக்க வாயால் செய்யும் வேலை.

பதற்றம் வரும்போது உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டதும் எனக்கு உதவியது. வால்டர் கேனன் என்ற அமெரிக்க உடலியலாளர் 1915-லேயே இதை விளக்கியிருக்கிறார். ஆபத்து என்று உணர்ந்தால் உடம்பு சண்டை போடவோ ஓடவோ தயாராகிறது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது. தோலுக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் விரல்கள் சில்லிட்டுப்போகின்றன. எச்சில் குறைந்து வாய் உலர்கிறது, செரிமானம் மெதுவாகி வயிறு பிசைகிறது. இதெல்லாம் தெரிந்த பிறகு, காத்திருக்கும் இடத்தில் கை சில்லிட்டபோது 'எனக்கு ஏதோ ஆகிறது' என்ற இரண்டாவது பயம் வருவது நின்றது. முதல் பயம் மட்டும் இருந்தது. அதைச் சமாளித்துக்கொள்ள முடிந்தது.

அதைவிடப் பெரிய உதவி, 1908-இல் யெர்க்ஸ், டாட்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் எலிகளை வைத்துச் செய்த ஒரு சோதனை. வெள்ளைப் பெட்டியையும் கருப்புப் பெட்டியையும் பிரித்தறிய எலிகளைப் பழக்கினார்கள். தவறான பெட்டிக்குள் போனால் மின் அதிர்ச்சி. இரண்டு பெட்டிகளுக்கும் வித்தியாசம் நன்றாகத் தெரிந்தபோது, அதிர்ச்சி கூடக் கூட எலிகள் வேகமாகக் கற்றுக்கொண்டன. வித்தியாசம் கண்டுபிடிக்கக் கடினமாக இருந்தபோதோ, அதிர்ச்சி அளவைத் தாண்டியதும் கற்பது மந்தமாகிவிட்டது. எலிக்கு நடப்பதெல்லாம் மனிதனுக்கும் அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் என் அனுபவத்தை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. சுலபமான வேலையைப் பதற்றம் அவ்வளவாகக் கெடுப்பதில்லை, கடினமான வேலையைத்தான் குலைத்துப் போடுகிறது. முன்பின் சொல்லிப் பார்க்காத ஒன்றை, அறிமுகமில்லாத மூன்று பேர் முன்னால் முதன்முறையாகச் சொல்வது மிகக் கடினமான வேலை. பத்து முறை சொல்லிப் பழகியதைப் பதினோராவது முறை சொல்வது சுலபம். பதற்றம் எனக்குக் குறையப்போவதில்லை என்றால், வேலையையாவது சுலபமாக்கிக்கொள்ளலாமே என்று தோன்றியது.

அதன் பிறகு என் தயாரிப்பே மாறிவிட்டது. அதுவரை நான் தயாராவது என்றால் படிப்பது. பழைய பாடப் புத்தகங்களைப் புரட்டுவது, இணையத்தில் கேள்வி பதில் பட்டியல்களைத் தேடுவது. இரவெல்லாம் படித்துவிட்டு எல்லாம் தெரியும் என்ற நிறைவோடு போய் உட்காருவேன். படிக்கும்போது தெரிந்த மாதிரி இருப்பதும், புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்ல முடிவதும் வேறு வேறு. ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் 2006-இல் மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, படித்ததை நினைவிலிருந்து எடுத்து எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது.

வேலை விளம்பரத்தை வரி வரியாக எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு வரிக்கும் என் வேலையில் நடந்த ஒரு சம்பவம். எட்டுச் சம்பவங்கள் தேறின. ஒவ்வொன்றையும் ஒரு சிறிய அட்டையில் நான்கு வரிகளாக எழுதினேன்: சூழ்நிலை என்ன, அதில் என் பொறுப்பு என்ன, நான் என்ன செய்தேன், முடிவு என்ன ஆயிற்று. இந்த வரிசை என் கண்டுபிடிப்பல்ல, 'ஸ்டார்' முறை என்று பலருக்கும் தெரிந்ததுதான். அப்புறம் அட்டையைக் கவிழ்த்துவிட்டு, கைப்பேசியில் ஒலிப்பதிவை ஓடவிட்டுப் பேசினேன். ஒரு சம்பவத்துக்கு இரண்டு நிமிடம்.

முதல் பதிவைக் கேட்டதும் அதிர்ந்துவிட்டேன். குரலில் நடுக்கம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன், அது பெரிதாக இல்லை. வேறொரு குறை இருந்தது. "மாதிரி மறுபடியும் சோதிக்கப்பட்டது", "பிழை கண்டறியப்பட்டது", "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்றே பேசியிருந்தேன். நாள் முழுக்க ஆய்வறிக்கை எழுதி எழுதி நாக்கு அதற்கே பழகியிருந்தது. அந்த இரண்டு நிமிடத்தில் நான் என்ற ஆளே இல்லை. யார் சோதித்தது? யார் கண்டுபிடித்தது? நான்தான். தேர்வுக் குழுவினர் தெரிந்துகொள்ள விரும்புவதும் அதைத்தான். "நான் மறுபடி சோதித்தேன்" என்று கூச்சமில்லாமல் சொல்லிப் பழக எனக்கு ஒரு வாரம் பிடித்தது. கூட்டாகச் செய்த வேலை என்றால் "அதில் என் பங்கு இது" என்று சேர்த்துச் சொல்லப் பழகினேன்.

வார்த்தைக்கு வார்த்தை மனப்பாடம் செய்யவில்லை. ஒருமுறை அப்படிச் செய்து மாட்டிக்கொண்டிருக்கிறேன். நடுவில் ஒரு சொல் நழுவினால் அதற்குப் பின்னால் உள்ளது மொத்தமும் சரிந்துவிடுகிறது. முதல் வாக்கியம், எண்கள், கடைசி வாக்கியம் இவை மட்டும் உறுதியாக இருந்தால் போதும். இடையில் உள்ளது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறி வரட்டும். அப்போதுதான் அது பேச்சு மாதிரி இருக்கும்.

மிகக் கடினமாக இருந்தது, "நீங்கள் செய்த ஒரு தவறைச் சொல்லுங்கள்" என்ற கேள்விதான். முதலில் எல்லோரும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன்: எதையும் கச்சிதமாகச் செய்ய வேண்டும் என்று அதிகம் மெனக்கெடுவேன், அதுதான் என் குறை என்று. கேட்டவர் முகத்தில் ஆர்வம் வடிந்ததைப் பார்த்தேன். பின்னால் உண்மையைச் சொல்லத் தொடங்கினேன். ஒரு மாதிரியைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்துவிட்டு, கணக்கில் அந்தப் பத்தைப் பெருக்காமல் விட்டுவிட்டேன். அறிக்கை வெளியே போய்விட்டது. மறுநாள் காலை வேறொரு கணக்குப் போடும்போது அது கண்ணில் பட்டது. மேலாளரிடம் போய்ச் சொன்ன அந்த ஐந்து நிமிடம் எந்த நேர்முகத் தேர்வையும்விடக் கொடுமையானது. அறிக்கையைத் திரும்பப் பெற்றோம். அன்றிலிருந்து நீர்த்தல் கணக்கை இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்திடும் வழக்கத்தை நான் எழுதிக் கொடுத்துக் கொண்டுவந்தேன். இதைச் சொன்னபோதெல்லாம் எதிரில் இருப்பவர்கள் முன்னால் சாய்ந்து கேட்டிருக்கிறார்கள்.

பேச்சுக்கு நடுவில் வரும் மௌனத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பத்து மொழிகளில் நடந்த உரையாடல்களை அளந்து 2009-இல் ஓர் ஆய்வு வந்தது. ஒருவர் கேட்டு முடிப்பதற்கும் மற்றவர் பதில் தொடங்குவதற்கும் இடையே சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம்தான் இருக்கிறதாம். அன்றாடப் பேச்சில் நாம் அவ்வளவு வேகமாகப் பழகியிருப்பதால், மூன்று நொடி யோசித்தாலே யுகம் போனதுபோல் இருக்கிறது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுகிறோம். "கொஞ்சம் யோசித்துச் சொல்லட்டுமா?" என்று கேட்கக் கற்றுக்கொண்டேன். இந்த ஆறு ஆண்டுகளில் தேர்வுக் குழுவில் நானும் உட்கார்ந்து வருகிறேன். அப்படிக் கேட்டவர் யாருக்கும் நாங்கள் மதிப்பெண்ணைக் குறைத்ததில்லை. அந்த நேரத்தில் நான் பெரும்பாலும் முந்தைய பதிலுக்கான குறிப்பை எழுதி முடித்துக்கொண்டிருப்பேன்.

மேசையின் அந்தப் பக்கம் போன பிறகுதான் பல விஷயங்கள் புரிந்தன. முதலாவது, உள்ளே நடக்கும் கொந்தளிப்பில் மிகச் சிறிய பகுதிதான் வெளியே தெரிகிறது. சவிட்ஸ்கி, கிலோவிச் என்ற உளவியலாளர்கள் 2003-இல் மேடைப் பேச்சை வைத்து இதை ஆராய்ந்தார்கள். பேசியவர்கள் தங்கள் பதற்றம் வெளியே எவ்வளவு தெரிகிறது என்று நினைத்தார்களோ, கேட்டவர்களுக்கு அவ்வளவு தெரியவில்லை. இந்த உண்மையை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டு போனவர்கள் மற்றவர்களைவிட நன்றாகவும் பேசினார்கள். அதனால்தான் இதை இங்கே எழுதுகிறேன். தெரிந்துகொள்வதே பாதி மருந்து.

வெளியே நன்றாகவே தெரிகிறவர்களும் உண்டு. ஒரு பெண் வந்திருந்தார். உட்காரும்போதே கோப்பிலிருந்து தாள்கள் சரிந்தன. குரல் நடுங்கியது. சோதனை முடிவு வரம்புக்கு வெளியே வந்தால் முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "முதலில் எந்தக் கரைசலையும் கொட்ட மாட்டேன்" என்றார், நடுங்கும் குரலிலேயே. "கொட்டிவிட்டால் தவறு எங்கே என்று அப்புறம் கண்டுபிடிக்க முடியாது. உடனே மறுசோதனையும் செய்ய மாட்டேன். கணக்கையும் கருவியையும் பார்த்துவிட்டு மேற்பார்வையாளரிடம் சொல்வேன்." அன்று வந்த பதினொரு பேரில், குரல் தெளிவாக இருந்த பலர் "மறுபடி சோதிப்பேன்" என்றுதான் சொன்னார்கள். நாங்கள் அவரைத்தான் எடுத்தோம். குரல் நடுங்கியது பற்றி எங்கள் குறிப்பேட்டில் ஒரு சொல்லும் இல்லை.

இரண்டாவதாகப் புரிந்தது கசப்பானது. கேள்வி கேட்பவர்களில் சிலர், ஆளை மிரட்டிப் பார்ப்பதே தேர்வு என்று நம்புகிறார்கள். எனக்கு அது கோபத்தைத் தருகிறது. மிரட்டினால் யார் மிரளுவார்கள் என்பதுதான் தெரியும், யார் வேலை செய்வார்கள் என்பது தெரியாது. ஷ்மிட், ஹன்டர் என்ற இரு ஆய்வாளர்கள் 85 ஆண்டு ஆராய்ச்சிகளைத் தொகுத்து 1998-இல் எழுதினார்கள். போகிற போக்கில் கேள்வி கேட்கும் தேர்வைவிட, எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கேள்விகளை வைத்து நடத்தும் தேர்வே பின்னாளைய பணித்திறனைச் சரியாகக் கணிக்கிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. இதைச் சொல்லித்தான் எங்கள் குழுவில் ஒரே கேள்விகள், ஒரே வரிசை, முன்கூட்டியே எழுதிய மதிப்பெண் குறிப்புகள் என்று மாற்ற வைத்தேன். முதல் கேள்வி எப்போதும் எளியது. வருகிறவர் தம் குரலைத் தாமே கேட்டுப் பழகிக்கொள்ள ஒரு நிமிடம் வேண்டும்.

தேர்வு நாளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முந்தின இரவு புதிதாக எதையும் படிப்பதில்லை. உள்ளே கூப்பிடும் முன், மூச்சை இழுப்பதைவிட விடுவதை மெதுவாகச் செய்வேன். மூச்சு வெளியேறும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே சற்றுக் குறையும். "அமைதியாக இரு" என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதை விட்டுவிட்டேன். "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் பேசப் போனவர்கள், "அமைதியாக இருக்கிறேன்" என்று சொன்னவர்களைவிட நன்றாகப் பேசியதாக அலிசன் வுட் புரூக்ஸ் என்ற ஆய்வாளர் 2014-இல் காட்டியிருக்கிறார். படபடக்கும் உடம்பை அமைதிப்படுத்துவதைவிட, அதே படபடப்பை உற்சாகம் என்று எடுத்துக்கொள்வது சுலபம் என்பது விளக்கம். எனக்கு அது பலித்தது.

முடிந்து வெளியே வந்த ஒரு மணி நேரத்துக்குள் கேட்ட கேள்விகளை எழுதிவிடுவேன். மறுநாள் என்றால் பாதி மறந்துவிடும். ஒன்பது தேர்வுகள் போயிருக்கிறேன், ஏழில் நிராகரிப்பு. ஒவ்வொன்றும் வலித்தது. ஆனால் அந்த நோட்டில், நான்காவது தேர்விலிருந்து ஏற்கெனவே எழுதிய கேள்விகளே வேறு சொற்களில் திரும்பத் திரும்ப வந்திருக்கின்றன.

எங்கள் கூடத்தில் வேலை செய்யும் ஒரு இளம்பெண்ணுக்கு அடுத்த வாரம் வேறொரு நிறுவனத்தில் நேர்முகத் தேர்வு. என்னிடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். நல்ல வேலைக்காரி, போனால் எங்களுக்கு இழப்புதான். இருந்தாலும் தினமும் காலையில் அவள் பி.எச். மீட்டர் முன் நிற்கும்போது நானும் பக்கத்தில் போய் நின்றுகொள்கிறேன். "என்ன செய்கிறாய் என்று சொல்லிக்கொண்டே செய்" என்கிறேன். முதல் நாள் கை முன்னால் போய்விட்டது, வாய் பின்தங்கி நின்றது. இன்று காலை அவள் எலெக்ட்ரோடை அலசித் தாளால் ஒற்றியெடுத்தபோது குறுக்கே கேட்டேன்:

"ஏன் ஒற்றுகிறாய், துடைத்தால் என்ன?"

கை நின்றது. இரண்டு நொடி யோசித்தாள்.

"தேய்த்துத் துடைத்தால் கண்ணாடி முனையில் நிலைமின்சாரம் ஏறும், அளவு நிலைக்க நேரமாகும்" என்று சொல்லிவிட்டு, "அடுத்து பஃபர் 7-இல் வைக்கிறேன்" என்றாள்.