டெங்கு போஸ்டரும் ஃப்ரிட்ஜ் தட்டும்

மழைக்காலம் வந்தால் எங்கள் சுகாதாரப் பிரிவின் முகநூல் பக்கத்துக்கு டெங்கு போஸ்டர் எழுதுவது என் வேலை. "சுற்றுப்புறத்தைத் தூய்மையாக வைத்திருப்போம், டெங்குவை விரட்டுவோம்" என்பதுதான் வழக்கமான வரி. யாரும் மறுக்க மாட்டார்கள். லைக்கும் நிறைய விழும். ஆனால் அதைப் படிப்பவரின் கண் தெருமுனைச் சாக்கடைக்குத்தான் போகும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவதோ ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டிலும், மாடியில் கிடக்கும் டயரிலும், மூடாத தொட்டியிலும் தேங்குகிற நல்ல தண்ணீரில். வீட்டைப் பளிச்சென்று வைத்திருப்பவருக்கு இந்த போஸ்டர் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றியது. தெரு வாட்ஸ்அப் குழுக்களில் யாரையோ குத்திக்காட்டவே இதைப் பகிர்வார்கள்.

வீடு வீடாகப் போகும் கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர்களின் பேச்சு வேறு. "அக்கா, குடத்தைக் கவுத்துட்டு உள்ளே நார் போட்டுத் தேய்ச்சிடுங்க, முட்டை ஒட்டிக்கிட்டு இருக்கும்." எந்தப் பாத்திரம், என்ன செய்யணும், ஏன் என்று மூன்றும் ஒரே மூச்சில் வந்துவிடுகிறது. காரணமும் சரியானது. தண்ணீரைக் கொட்டினாலும் உட்புறம் ஒட்டிய முட்டைகள் காய்ந்தபடியே மாதக்கணக்கில் தாங்கும். மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும் என்பதால்தான் வாரம் ஒருமுறை தேய்க்கச் சொல்கிறோம்.

இந்தப் பேச்சை அப்படியே, ஃப்ரிட்ஜ் தட்டையும் சேர்த்து, போஸ்டராக்கிக் காட்டியபோது மேலதிகாரி, "அரசாங்க போஸ்டர்ல ஃப்ரிட்ஜ் தட்டா?" என்றார். கௌரவம் குறைந்துவிடுமாம். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்ததை அவருக்கு நினைவுபடுத்தினேன். 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கான முகாம் அது. வாட்ஸ்அப்பில் வதந்தி பரவி, பல பெற்றோர் தயங்கினார்கள். வதந்தி, நமக்குத் தெரிந்தவர் ஒருவர் அக்கறையாகச் சொல்வதுபோல வந்து சேரும். அதற்கு எதிரே நாம் வைப்பது "கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்று முடியும் அறிவிப்பு. யார் கேட்கிறார்கள், யாரிடம் கேட்கிறார்கள் என்றே அதில் தெரியாது. உண்மை நம் பக்கம் இருந்தும், பிள்ளையைப் பற்றிப் பயந்துபோன அம்மாவிடம் அந்த நடை எடுபடுமா?

கடைசியில் "கவுத்து" மட்டும் "கவிழ்த்து" ஆனது. சரி, போகட்டும். ஃப்ரிட்ஜ் தட்டு தப்பியது. பழைய வரிக்குக் கீழே கைகூப்பும் படங்கள்தான் வரும். இதற்குக் கீழே ஒருவர், "ஏர்கூலர் தண்ணியையும் மாத்தணுமா?" என்று கேட்டிருந்தார். மாற்ற வேண்டும், தொட்டியைத் தேய்க்கவும் வேண்டும். அடுத்த போஸ்டர் அதைப் பற்றியே போட்டோம்.