சாரமில்ல

போடியிலிருந்து விடியற்காலையில் ஜீப் கிளம்பும். போடிமெட்டு ஏற 17 கொண்டை ஊசி வளைவுகள். பின்னால் காய் எடுக்கப் போகும் அக்காமார் ரேஷன் அரிசி, குழுக் கடன், மருமகள் என்று பேசிக்கொண்டே வருவார்கள். முன்சீட்டில், டிரைவர் பக்கத்தில் நான். கேரளத்தில் பூப்பாறைப் பக்கம் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் கணக்குப்பிள்ளை. பார்க்க அமைதியான ஆள்தான். உள்ளே ஒருத்தன் மேடு ஏறி முடிக்கும்வரை என்னைத் திட்டிக்கொண்டே வருவான்.

ஆரம்பித்தது ஓர் ஆடி மாதச் சாயங்காலம். எடுத்த பச்சைக்காயை ஸ்டோர் வாசலில் நிறுத்து அவரவர் பெயரில் எழுத வேண்டும். எங்கள் தோட்டத்தில் அளவுக்கு மேல் எடுக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் கூலியோடு தனிக்காசு உண்டு. அன்று சாரலில் சீட்டு நனைந்து, அடுத்தடுத்த வரியில் இருந்த இரண்டு பேரின் எடையை மாற்றிப் பதிந்துவிட்டேன். 18 கிலோ எடுத்தவருக்கு 13. சனிக்கிழமை சம்பளம் வாங்கியபோது அந்த அக்கா விரல்விட்டு எண்ணியே கண்டுபிடித்துவிட்டார். பத்து நிமிடத்தில் சரிசெய்து காசையும் கொடுத்தாயிற்று. "விடு தம்பி, மழையில யாருக்குக் கண்ணு தெரியுது" என்றார். மலையாளி சூப்பர்வைசர் "சாரமில்ல" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார்.

எனக்குத்தான் முடியவில்லை. ராத்திரி படுத்தால், "ஒரு வரி ஒழுங்கா எழுதத் தெரியல, நீயெல்லாம் பி.காம். படிச்சவனாடா?" ஒவ்வொரு வரியையும் மூன்று தடவை சரிபார்க்க ஆரம்பித்தேன். அதில் நேரம் போனது, ஜீப் போனது, ஒருநாள் தேதியையே தப்பாகப் போட்டேன். தலைக்குள் ஒருவன் கத்திக்கொண்டிருந்தால் 18-ஐயும் 13-ஐயும் பிடித்துவைக்க அங்கே எங்கே இடம்?

நினைக்கவே கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டும் பார்த்தேன். அது ஏன் பலிக்காது என்று பிறகுதான் தெரிந்தது. டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1987-இல் மாணவர்களிடம், வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள், நினைப்பு வந்தால் மணி அடியுங்கள் என்றாராம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அப்புறம் நினைக்கலாம் என்று விட்டபோது, முதலிலிருந்தே நினைக்கச் சொல்லப்பட்டவர்களைவிட இவர்களுக்குத்தான் கரடி அதிகம் வந்தது. என் கரடி ஒரு நனைந்த சீட்டு.

ஈதன் கிராஸ் என்ற உளவியலாளர் 2014-இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு இன்னும் நெருக்கமாகப் பட்டது. மனதுக்குள் 'நான், நான்' என்று பேசுகிறவர்களைவிட, தன் பெயரைச் சொல்லியோ, 'நீ' என்று முன்னிலையிலோ தன்னிடம் பேசுகிறவர்கள், பதற்றமான வேலையை முடித்த பிறகு அதையே போட்டு அரைப்பது குறைவாம். படித்ததும் சிரிப்பு வந்தது. நான் முன்னிலையில்தானே இத்தனை நாளும் பேசினேன்! ஆனால் ஆங்கிலத்து 'யூ'வுக்கு மரியாதை ஏற்ற இறக்கம் கிடையாது. நமக்கு 'நீ'யும் உண்டு, 'நீங்க'வும் உண்டு, கடைசியில் ஒட்டுகிற அந்த 'டா'வும் உண்டு. ஸ்டோரில் யாரும் என்னை 'டா' போட்டதில்லை. நான் மட்டும்தான் போட்டேன்.

சரி, 'நீங்க' போட்டுப் பார்ப்போம் என்று தோன்றியது. "கணக்குப்பிள்ளை, நேத்து எந்த வரியில குழம்புனீங்க? சீட்டு நனையாம இருக்க என்ன பண்ணலாம்?" வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் மரியாதையாகக் கேட்டால் கேள்வி கேள்வியாகவே நிற்கிறது. பதிலும் வந்தது: எடை மேடைக்கு மேல் ஒரு தார்ப்பாய். அது மூன்று வாரத்துக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டிய விஷயம். திட்டு வாங்குவதிலேயே நேரம் போய்விட்டது.

இன்னொரு பழக்கம், கிளம்பும் முன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் நாளைய வேலைகளை எழுதிவைப்பது. 57 பேரை வைத்து 2018-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், படுக்கும் முன் ஐந்து நிமிடம் இப்படி எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சுமார் 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். எனக்கு எத்தனை நிமிடம் மிச்சம் என்று அளந்து பார்க்கவில்லை. இது எல்லாருக்கும் போதும் என்றும் சொல்லமாட்டேன். வாரக்கணக்கில் தூக்கமில்லை, வாழவே பிடிக்கவில்லை என்றால் நோட்டு உதவாது. அரசின் மனநல உதவி எண், டெலி மானஸ் 14416 இருக்கிறது, தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம்.

'சாரமில்ல' என்றால் மலையாளத்தில் 'பரவாயில்லை'. என் தமிழ்க் காதுக்கு அது 'இதில் சாரம் ஒன்றும் இல்லை' என்றே கேட்கிறது. அதுவும் சரியாகத்தான் படுகிறது.

போன வாரம் மறுபடி மழை. ஒன்பதாவது வளைவில் பழைய ஆள் தொடங்கினான். "கணக்குப்பிள்ளை, தார்ப்பாய் கட்டியாச்சுல்ல?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன் போல. டிரைவர் திரும்பி, "என்ன சார், கூட யாராச்சும் வாராங்களா?" என்றார். பின்சீட்டில் மருமகள் பேச்சு ஒரு நொடி நின்றது.